பாலம் மேலே போயிருந்தபோது

மருத்துவமனையில் ஐந்து முறை.
ஐந்து முறையும் கூரையில் அதே ஈரக்கறை.
ஒட்டகம் என்பாள் ஜில்டௌ,
குப்புறப் படுத்த பாதிரியார் என்பேன் நான்.
பட்டியலில் நாங்கள் தேர்ந்த ஆள்
ஒரு மீட்டர் எண்பத்து நான்கு, இடக்கைப் பழக்கம்,
செல்லோ வாசிப்பான், முந்திரி ஒவ்வாது.
என்ன வாசனை அடிப்பான் என்று மட்டும் எழுதவில்லை.
மெல்லிய குழலில் உறைந்து வந்தான், ஆவி பறக்க.
ஐந்து முறையும் நாள் தள்ளிப்போகவில்லை.
வாடகை வாங்க வருகிறவரைப் போலச்
சொன்ன தேதிக்குக் கதவைத் தட்டியது.

உங்கள் கருமுட்டை, அவர் கருப்பை,
அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்றார் மருத்துவர்.
தொகையைத் தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்.
வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவு.
நாங்கள் ஓடே இன்னும் மாற்றவில்லை.

ஹார்மென் கேட்டான்:
என்னை ஏன் கேட்கவில்லை?

அவனுக்கு வடிகால் வாரியத்தில் வேலை.
கடலுக்குக் கீழே கிடக்கும் எங்கள் ஃப்ரீஸ்லாந்தை
இரவெல்லாம் இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகளுக்குக் காவல்.
சமையலறை மேசையில் மூன்று பக்க ஒப்பந்தம்.
'தந்தை' வந்த இடத்தையெல்லாம் அவனே அடித்தான்,
மேலே 'ஹார்மென்' என்று எழுதினான்,
கொட்டை எழுத்தில், பள்ளிக்கூட நோட்டுக்குப் பெயர் எழுதுவதுபோல.
பிறகு மீன் தின்றோம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை
சோதனைக் குச்சியில் சிரித்த முகம் தெரிந்தது.
நாங்கள் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்தோம்.
நாற்பது நிமிடம் கழித்து அவனே அழைத்தான்:
விட்ஸ்கெ, பாலம் மேலே போய்விட்டது.

கோடை. படகுக்காரர்களின் காலம்.
பதினோரு பாய்மரங்கள் வரிசையில்.
பாலக்காரர் தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டி
ஒவ்வொரு படகுக்கும் இறக்குகிறார்,
காசு விழுந்ததும் ஏற்றுகிறார்,
குசலம் விசாரித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்.
இக்கரையில் சைக்கிள்களுக்கு நடுவே
குளிர்காலக் கோட்டு மாட்டிய ஒரே மனிதன்,
அக்குளில் கம்பளிக் காலுறை,
காலுறைக்குள் கடுகு ஜாடி.
காய்ச்சலா என்று கேட்டாளாம் ஒருத்தி.
ஆமாம் என்றானாம்.

இங்கே நான் மாடிப்படியில்.
ஜாடியை மூன்று முறை வெந்நீரில் கழுவிக் கொடுத்தவள் நான்.
காரம் போயிருக்குமா?
கட்டிலிலிருந்து ஜில்டௌ கத்தினாள்,
பிள்ளை கோபக்காரியாகப் பிறந்தால்
நீதான் பொறுப்பு.

வந்தான். கொடுத்தான். கீழே போய்ப்
பாத்திரம் துலக்கினான்,
காது கொடுக்கவில்லை என்று எங்களுக்குக் கேட்கும்படி
சத்தமாக, கழுவியவற்றையே திரும்பவும்.
ஊசியில்லாத ஊசியில் நான் உறிஞ்சினேன்.
அவள் இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை.
சுவரில் சாய்த்த கால்களில்
ஒரு காலுக்கு மட்டும் காலுறை.
என் கட்டைவிரல் நடுங்கியது.
மெதுவா, என்றாள், அவசரமா என்ன,
பாலம்தான் திறந்தாயிற்றே.

அந்த மாதமும் இல்லை.

அடுத்து வந்த நான்கு மாதமும் இல்லை.
கீழே ஹார்மென் துலக்கித் துலக்கி
எங்கள் நீலத் தட்டின் பூ அழிந்தது.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
பாலம் மூடியே இருந்தது,
யாரும் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை,
எனக்கு ஜலதோஷம்,
இரவுப் பணிக்குக் கிளம்பவேண்டிய ஜில்டௌ
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.
அந்த முறைதான் நாள் தள்ளிப்போனது.
போன நாள் போனதுதான். திரும்பி வரவில்லை.

இப்போது மகள் கேட்கிறாள்,
நான் எப்படி வந்தேன்?

நான் பாலத்தில் ஆரம்பிக்கிறேன்,
மரச்செருப்பு, பதினோரு பாய்மரம்.
ஜில்டௌ குறுக்கிடுகிறாள்: அது நீ இல்லை, கண்ணே,
அது வராமல் போன ஒருவர்.
உன் கதையில் இவளுக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவே.

மகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு
வராமல் போனவருக்கு என்ன பெயர் என்கிறாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம்.
கடுகு ஜாடியில் இப்போது அவள் வண்ணப் பென்சில்கள்.